ஒரே இலை, இரண்டு ஆடுகள்

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் காலையில் கிராமத்துக் கால்நடை மருத்துவரின் கைபேசி ஓயாது. முதல்நாள் கொம்புக்கு வர்ணம் அடித்து, கழுத்தில் மாலை போட்டு, வாழை இலை நிறையப் பொங்கலும் பழமுமாக ஊட்டி அழகு பார்த்த மாடு, விடிந்ததும் எழுந்திருக்காது. இடப்பக்கம் உப்பியிருக்கும். அசை போடாது. பல்லை நறநறவென்று கடிக்கும். சாணம் தண்ணீராகப் போய்ப் புளித்த வாடை வீசும்.

"எத்தனை படி பொங்குனீங்க?"

"ரெண்டு படிதாங்க டாக்டர். அதுவா ஆசையாத்தான் தின்னுச்சு."

சோடா உப்பைக் கரைத்துப் புகட்டியபடியே மருத்துவர் தலையில் அடித்துக்கொள்வார். ஆண்டுதோறும் நடக்கிற கதை.

இதில் ஒரு புதிர் இருக்கிறது. பக்கத்துக் கொட்டகையில் நிற்கிற மாடும் அதே அளவு பொங்கலைத் தின்றிருக்கும். அது பாட்டுக்கு அசை போட்டுக்கொண்டிருக்கும். இனம் ஒன்று, வயது ஏறக்குறைய ஒன்று. ஒரே ஒரு வித்தியாசம்தான்: அது தினமும் கழிசோறும் கஞ்சித் தண்ணீரும் குடித்து வளர்ந்த மாடு. "பழகின வயிறு" என்று ஊரில் ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். சரிதான். ஆனால் வயிறு எப்படிப் பழகும்? உள்ளே பழகுவது எது?

மில்டன் ஆலிசன் என்ற அமெரிக்க நுண்ணுயிரியலாளரின் ஆய்வு வாழ்க்கையைப் புரட்டினால், இந்தக் கேள்விதான் வேறு வேறு வேடம் போட்டுத் திரும்பத் திரும்ப வருகிறது. கோதுமை தின்ற ஆடு, விஷக்களை தின்ற ஆடு, சவுண்டல் தழை தின்ற ஆடு. ஒவ்வொரு முறையும் அவர் தேடிப்போன இடம் ஆட்டின் உடம்பு அல்ல, அதன் வயிற்றுக்குள் குடியிருக்கும் கூட்டம்.

மாட்டுக்கும் ஆட்டுக்கும் வயிறு நான்கு அறை என்று பள்ளியில் படித்திருப்போம். முதல் பெரிய அறைதான் பெருவயிறு. நன்கு வளர்ந்த பசுவில் அது நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும். வீட்டில் தண்ணீர் பிடித்து வைக்கும் பெரிய பிளாஸ்டிக் டிரம்மை நினைத்துக்கொள்ளலாம். உள்ளே சூடு சுமார் 39 டிகிரி செல்சியஸ். எந்நேரமும் மெல்லப் புரண்டு கலங்கிக்கொண்டிருக்கும் பச்சைக் கூழ். இட்லி மாவை அரைத்து வைப்பது மட்டும்தான் நம் வேலை, புளிக்க வைப்பது மாவுக்குள் இருக்கிற நுண்ணுயிரிகள். பெருவயிறும் அப்படி ஒரு மாவுப் பாத்திரம்தான், என்றைக்கும் காலியாகாத பாத்திரம். அதில் ஒரு மில்லிலிட்டரை எடுத்து எண்ணினால் ஆயிரம் கோடிக்கு மேல் பாக்டீரியாக்கள் இருக்கும்.

வைக்கோலைச் செரிக்கும் நொதி மாட்டின் உடம்பில் சுரப்பதே இல்லை. அதைப் பிய்த்துப் பிரிப்பவை இந்தப் பாக்டீரியாக்கள். அவை தின்று கழித்துவிடுகிற அசெட்டிக் அமிலம் போன்ற எளிய அமிலங்கள் பெருவயிற்றின் சுவர் வழியே மாட்டின் ரத்தத்தில் கலக்கின்றன. மாட்டுக்குத் தேவையான ஆற்றலில் பெரும்பகுதி அப்படித்தான் கிடைக்கிறது. ஆக, மாடு வைக்கோல் தின்கிறது என்பது பாதி உண்மை. மாடு வைக்கோலைத் தன் வீட்டுக் குடித்தனக்காரர்களுக்குப் போடுகிறது. அவர்கள் மிச்சம் வைப்பதைத்தான் மாடு சாப்பிடுகிறது.

இனி பொங்கல் கதை எளிது. வைக்கோல் மெதுவாகக் கரையும். குழைந்த சோற்றின் மாவுச்சத்து உடனே கிடைக்கும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போவிஸ் என்றொரு பாக்டீரியா, சாதாரண நாளில் கூட்டத்தில் ஒருவராக ஒதுங்கிக் கிடக்கும். மாவுச்சத்தைக் கண்டதும் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியத் தொடங்குகிறது. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, ஏழு மணி நேரத்தில் ஒன்றிலிருந்து இருபது இலட்சம். அது கக்குவது லாக்டிக் அமிலம், அதாவது தயிரைப் புளிக்க வைக்கிற அதே அமிலம். மாட்டின் எச்சிலில் சோடா உப்பின் தன்மை உண்டு, அதுவும் நாளொன்றுக்கு நூறு லிட்டர் அளவில் உள்ளே போய்க்கொண்டிருக்கும். ஆனாலும் அமில வெள்ளத்துக்கு முன்னால் அது எடுபடாது. வைக்கோலைக் கரைக்கும் பாக்டீரியாக்கள் புளிப்பு தாங்காமல் செத்து விழும். அமிலம் ரத்தத்தில் ஏறும். மாடு படுத்துவிடும்.

பழகிய மாட்டின் வயிற்றில் என்ன வேறுபாடு? அங்கே லாக்டிக் அமிலத்தையே உணவாகக் கொள்ளும் வேறு சில பாக்டீரியாக்கள் ஏற்கெனவே பெருகியிருக்கின்றன. மெகாஸ்பேரா எல்ஸ்டெனி அவற்றில் ஒன்று. ஒருவன் கொட்டக் கொட்ட இன்னொருவன் அள்ளிக்கொண்டே இருக்கிறான். மாடு கற்றுக்கொண்டது ஒன்றுமில்லை. உள்ளே ஆள் மாறியிருக்கிறது.

இப்படிச் சொல்லிவிடுவது இன்றைக்குச் சுலபம். ஆனால் இந்த ஆட்களைப் பிடித்து, பெயர் சொல்லி, "இவன்தான்" என்று காட்டுவது 1940-கள் வரை ஏறக்குறைய முடியாத காரியமாக இருந்தது. காரணம், பெருவயிற்றுக்குள் ஆக்சிஜன் கிட்டத்தட்ட கிடையாது. அங்கே வாழ்கிற பெரும்பாலான பாக்டீரியாக்களுக்குக் காற்றே நஞ்சு. காற்றொவ்வா நுண்ணுயிரிகள் என்று அவற்றைச் சொல்லலாம். மூடியைத் திறந்து, கண்ணாடித் தட்டில் தடவி, மறுநாள் வந்து பார்க்கும் வழக்கமான ஆய்வுக்கூட முறையில், தடவும் போதே பாதி செத்துப்போகும். தப்பிப் பிழைத்து வளர்வது பெருவயிற்றில் முக்கியமே இல்லாத ஏதோ ஒன்றாக இருக்கும்.

வழி கண்டுபிடித்தவர் ராபர்ட் ஹங்கேட். கறையானின் வயிற்றில் மரத்தைச் செரிக்கும் நுண்ணுயிரிகளிலிருந்து தொடங்கி மாட்டின் வயிற்றுக்கு வந்து சேர்ந்தவர். அவர் முறையைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். கண்ணாடித் தட்டுக்குப் பதில் சோதனைக் குழாய். சுட வைத்த செம்பின் மேல் கார்பன்-டை-ஆக்ஸைடு வாயுவைச் செலுத்தினால் அதில் ஒட்டியிருக்கும் கடைசிச் சொட்டு ஆக்சிஜனையும் செம்பு பிடித்துக்கொள்ளும். அந்த வாயுவை வளைந்த ஊசி வழியாகக் குழாய்க்குள் விட்டுக்கொண்டே, உருகிய அகர் கூழையும் நீர்த்த வயிற்றுச் சாற்றையும் ஊற்றி, ரப்பர் அடைப்பானை அழுத்தி மூட வேண்டும். உடனே குழாயைப் படுக்க வைத்துப் பனிக்கட்டி மேல் உருட்ட வேண்டும். தோசைக்கல்லில் மாவு படர்வதுபோல அகர் குழாயின் உள்சுவரில் மெல்லிய ஏடாகப் படிந்து உறையும். அந்த ஏட்டில் ஒவ்வொரு பாக்டீரியாவும் தனித்தனிப் புள்ளியாக வளரும். கூழில் ரெசாசூரின் என்ற சாயம் ஒரு துளி கலந்திருக்கும். காற்று துளி நுழைந்தாலும் இளஞ்சிவப்பாக மாறிக் காட்டிக்கொடுத்துவிடும். அப்படி நிறம் மாறிய குழாய் நேரே குப்பைக்கு.

கைப்பழக்கம் வேண்டிய வேலை. ஹங்கேட்டிடம் அதைக் கற்ற மார்வின் பிரையன்ட், மேரிலாந்து மாநிலத்தின் பெல்ட்ஸ்வில்லில் இருந்த அரசு வேளாண் ஆய்வு மையத்தில் அதை மேலும் செம்மைப்படுத்தினார். ஆலிசன் தொழில் பழகியது அந்தப் பட்டறையில்தான்.

அங்கே அவருக்குக் கிடைத்த முதல் முடிச்சு ஒரு நாற்றம். வைக்கோலைக் கரைக்கும் சில உருண்டைப் பாக்டீரியாக்களுக்குச் சர்க்கரை, உப்பு, உயிர்ச்சத்து என எல்லாம் போட்டாலும் வளராமல் அடம்பிடித்தன. வயிற்றுச் சாற்றை ஒரு துளி சேர்த்தால் உடனே வளர்ந்தன. அப்படிச் சாற்றில் இருப்பது என்ன? தேடிப்போனால், அழுக்குக் காலுறை வாடை அடிக்கும் சில கொழுப்பு அமிலங்கள். அவை வேறு பாக்டீரியாக்கள் புரதத்தைச் சிதைத்துக் கழித்தவை. ஆலிசன், பிரையன்ட், டாட்ச் மூவரும் 1958-ல் 'சயின்ஸ்' இதழில் இதை எழுதினார்கள். சிறிய கட்டுரைதான். ஆனால் அதற்குப் பின்னால் வந்ததெல்லாம் அதில் விதையாக இருக்கிறது: ஒருவன் கழிவு இன்னொருவனுக்கு மருந்து, தனியாக யாரும் அங்கே பிழைப்பதில்லை.

பிறகு அவர் அயோவா மாநிலத்தின் ஏம்ஸ் நகரில் உள்ள தேசியக் கால்நடை நோய் மையத்துக்குப் போனார். மக்காச்சோளக் கடலுக்கு நடுவே இருக்கிற ஊர். அமெரிக்கப் பண்ணைகளில் கால்நடைகளைச் சீக்கிரம் கொழுக்க வைக்கத் தானியத்தைக் கொட்டுவார்கள். நம்மூர்ப் பொங்கல் நோய் அங்கே பண்ணைத் தொழிலின் அன்றாடத் தலைவலி. ஆலிசனும் கூட்டாளிகளும் 1964-ல் வெளியிட்ட ஆய்வு நேரடியானது. செம்மறிகளுக்குத் திடீரென்று நிறையக் கோதுமை. சிலவற்றின் பெருவயிற்றில், ஏற்கெனவே கோதுமைக்குப் பழகிய ஆட்டின் வயிற்றுக் கூழை ஊற்றினார்கள். கூழ் பெற்றவை புதுத் தீவனத்துக்கு எளிதில் பழகின.

இந்தச் சோதனையின் அழகை ஒரு நிமிடம் நின்று பார்க்க வேண்டும். "பழக்கம்" என்பது ஆட்டின் நரம்பிலோ ரத்தத்திலோ ஊறியது என்றால் அதை ஒரு ஆட்டிலிருந்து இன்னொன்றுக்கு ஊற்ற முடியாது. ஊற்ற முடிந்தது என்றால் அது கூழில் இருக்கிறது. இந்த ஒற்றைத் தர்க்கத்தை வைத்துக்கொண்டுதான் ஆலிசன் அடுத்த முப்பது ஆண்டுகள் வேலை செய்தார் என்று சொன்னால் மிகையில்லை.

அடுத்தது விஷக்களை. ஹாலோஜீட்டன் என்ற செடி மத்திய ஆசியாவின் உவர் நிலத்துக்கு உரியது. எப்படியோ அமெரிக்காவுக்குள் நுழைந்து, 1934-ல் நெவாடா மாநிலத்தில் முதன்முதலாகக் கண்ணில் பட்டது. நம்மூர் உவர்நிலத்து உமரிக்கீரையின் தூரத்துச் சொந்தம். அதைப்போலவே சதைப்பிடிப்பான சின்னச் சின்ன இலைகள். அதில் ஆக்ஸலேட் என்ற பொருள் மிக அதிகம். கருணைக்கிழங்கைச் சரியாக வேகவைக்காமல் தின்றால் தொண்டை அரிக்கிறதே, அந்த ஊசிப் படிகங்கள் கால்சியம் ஆக்ஸலேட்தான். ஹாலோஜீட்டனில் உள்ளது நீரில் கரையும் வகை. பட்டினியாக வருகிற செம்மறிக் கூட்டம் அதை மேய்ந்தால், கரைந்த ஆக்ஸலேட் ரத்தத்துக்குள் போய் அங்குள்ள கால்சியத்தைக் கவ்விக்கொள்ளும். கால்சியம் இல்லாமல் தசை இயங்காது. ஆடுகள் தள்ளாடி விழுந்து சாகும். மேய்ப்பவர்கள் மொத்த மந்தையையே இழந்ததுண்டு.

ஆனால் மேய்ப்பவர்கள் இன்னொன்றையும் கவனித்திருந்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் களையை மேய்ந்து வந்த ஆடுகள் சாகவில்லை.

மறுபடியும் அதே கேள்வி, பழகுவது எது? ஆலிசன் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பனால் அடையாளமிட்ட ஆக்ஸலேட்டை எடுத்துக்கொண்டார். சந்தையில் மாட்டுக்குச் சூடு வைப்பதுபோலத்தான்: எங்கே போனாலும் அடையாளம் கூடவே போகும். அதை ஆட்டின் வயிற்றுச் சாற்றோடு கலந்து வைத்தால், ஆக்ஸலேட் உடையும் வேகத்துக்கு ஏற்ப அடையாளக் கார்பன் வாயுவாக வெளியே வரும், அதை அளந்துவிடலாம். ஆடுகளுக்கு நாளுக்கு நாள் ஆக்ஸலேட்டைக் கூட்டிக்கொண்டே போனபோது, சாறு அதை உடைக்கும் வேகமும் கூடிக்கொண்டே போனது. பழகாத ஆட்டைக் கொல்லும் அளவைப் பழகிய ஆடு தாங்கியது.

இனி ஆளைப் பிடிக்க வேண்டும். உருட்டுக் குழாயின் அகரில் கால்சியம் ஆக்ஸலேட்டைக் கலந்தால் அது பால்போல வெளுத்துக் கலங்கியிருக்கும். ஆக்ஸலேட்டைத் தின்கிற பாக்டீரியா எங்கே வளர்கிறதோ அங்கே மட்டும் அந்த வெண்மை கரைந்து, புள்ளியைச் சுற்றித் தெளிந்த வட்டம் ஒன்று விழும். சுண்ணாம்புச் சுவரில் நீர் பட்ட இடம் மாதிரி. ஆயிரக்கணக்கான புள்ளிகளில் வட்டமிட்ட புள்ளியைத் தேடி எடுக்க வேண்டியதுதான். டாசன், ஆலிசன், ஹார்ட்மன் மூவரும் 1980-ல் ஒரு செம்மறியின் பெருவயிற்றிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். 1985-ல் அதற்குப் பெயர் வைத்தார்கள்: ஆக்ஸலோபாக்டர் பார்மிஜீனிஸ். ஆக்ஸலேட்டைத் தின்று பார்மேட்டை உண்டாக்குவது என்று பொருள்.

விசித்திரமான பிறவி. ஆற்றலுக்கு ஆக்ஸலேட்டைத் தவிர வேறெதையும் தொடாது. சர்க்கரை வைத்தாலும் வேண்டாம். இத்தனைக்கும் ஆக்ஸலேட் ஒரு சக்கை. உடைத்தாலும் கிடைக்கும் ஆற்றல் சொற்பம். 90 கிராம் ஆக்ஸலேட்டைத் தின்றால் அதன் உடம்பு ஏறுவது ஒரு கிராமுக்குச் சற்று அதிகம், அவ்வளவே. அது எப்படிப் பிழைக்கிறது என்பது உயிர்வேதியியலாளர்களையே திகைக்க வைத்தது. 1989-ல் அனந்தராம், ஆலிசன், மலோனி மூவரும் விடை சொன்னார்கள்.

அதைப் புரிந்துகொள்ள ஒரு கண்மாயை நினைக்கலாம். கரைக்கு வெளியே நீர் உயர்ந்தும், உள்ளே தாழ்ந்தும் இருந்தால், மடை வழியாகப் பாயும் நீரில் ஒரு சக்கரத்தைச் சுழல விடலாம். பெரும்பாலான உயிரணுக்கள் இப்படித்தான் ஆற்றல் எடுக்கின்றன. நீருக்குப் பதில் புரோட்டான் என்கிற நேர்மின் துகள்கள். பெரும்பாலான உயிர்கள் இந்த மட்ட வேறுபாட்டை உண்டாக்கப் புரோட்டானை வெளியே இறைத்து ஊற்றுகின்றன, ஏற்றம் இறைப்பதுபோல. ஆக்ஸலோபாக்டருக்கு அந்த ஏற்றம் கட்டுப்படியாகாது. அது என்ன செய்கிறது? இறைக்காமல் குடித்துவிடுகிறது! உள்ளே வரும் ஒவ்வொரு ஆக்ஸலேட்டும் உடையும்போது உள்ளிருக்கும் ஒரு புரோட்டானை விழுங்கிக்கொள்கிறது. உள் மட்டம் தானாகத் தாழ்கிறது. உடைந்து கிடைத்த பார்மேட்டை வெளியே தள்ளி, அதே வாசலில் அடுத்த ஆக்ஸலேட்டை உள்ளே இழுக்கிறது. ஒருவர் வெளியேறினால்தான் அடுத்தவர் நுழையலாம் என்கிற சுழல் கதவு. வெளியிலிருந்து புரோட்டான் மடை வழியே உள்ளே பாய, சக்கரம் சுழல்கிறது. இவ்வளவு சிக்கனமான குடித்தனத்தை வேறெங்கும் பார்ப்பது அரிது.

ஆட்டு வயிற்றில் கிடைத்த இந்தப் பாக்டீரியா மனிதக் குடலிலும் இருந்தது. சிறுநீரகக் கல்லில் பெரும்பாலானவை கால்சியம் ஆக்ஸலேட் என்பதால் மருத்துவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மீண்டும் மீண்டும் கல் வருபவர்களை வராதவர்களோடு ஒப்பிட்டு 2008-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், இந்தப் பாக்டீரியா குடியிருப்பவர்களுக்குக் கல் வரும் வாய்ப்பு சுமார் 70 சதவீதம் குறைவு என்று தெரிந்தது. அப்படியானால் மாத்திரையாகக் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். பிறவியிலேயே உடம்பில் ஆக்ஸலேட் மிகையாகச் சுரக்கும் அரிய நோயாளிகளுக்குக் கொடுத்தும் பார்த்தார்கள். சிறுநீரில் ஆக்ஸலேட் எதிர்பார்த்தபடி குறையவில்லை. ஆட்டுக்கு நடந்தது ஆளுக்கு அப்படியே நடக்கும் என்ற உறுதி எதுவுமில்லை.

இப்போது சவுண்டல்.

தமிழ்நாட்டில் ஆடு வளர்ப்பவர்களுக்கு இதை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. சூபாபுல் என்றும் சொல்வார்கள்; இலங்கையில் இப்பில்-இப்பில். மெக்சிகோ பக்கத்து மரம். அங்கே ஓஹாகா என்ற ஊரின் பெயரே இந்த மரத்திலிருந்து வந்தது. புரதம் நிறைந்த தழை, வெட்ட வெட்டத் தழையும். ஆனால் ஒரு குறை. மிமோசின் என்ற ஒரு நச்சு அமினோ அமிலம் அதில் உண்டு. குதிரைக்குத் தொடர்ந்து கொடுத்தால் பிடரி முடியும் வால் முடியும் உதிர்ந்துவிடும். அசைபோடும் விலங்குகளில் கதை ஒரு படி நீளும். பெருவயிற்றுப் பாக்டீரியாக்கள் மிமோசினை உடைத்து டி.எச்.பி. என்ற இன்னொரு பொருளாக்குகின்றன. அது தைராய்டு சுரப்பியை முடக்கிக் கழுத்தில் கழலையை உண்டாக்குகிறது. பேயை ஓட்டப் போய்ப் பிசாசிடம் மாட்டிய கதை. தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சவுண்டல் வேண்டாம் என்று நம் வேளாண் அலுவலர்கள் சொல்வது இதனால்தான்.

ஆஸ்திரேலியாவின் வடகிழக்கில், டவுன்ஸ்வில் நகரில், அந்நாட்டு அரசின் ஆய்வு நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வின் ஆய்வுக்கூடத்தில் ரேமண்ட் ஜோன்ஸ் இருந்தார். நுண்ணுயிர்க்காரர் அல்ல, புல்லும் மேய்ச்சல் நிலமும்தான் அவர் துறை. அங்கே சவுண்டல் மேய்ந்த மாடுகள் எச்சில் வடித்து, முடி கொட்டி, எடை ஏறாமல் நின்றன. ஹவாய்த் தீவுக்குப் போன ஜோன்ஸ் அங்கே கண்டது வேறு காட்சி. வெள்ளாடுகள் வேறெதுவும் இல்லாமல் அதே தழையை மட்டுமே மேய்ந்துவிட்டுத் துள்ளிக்கொண்டிருந்தன.

மரம் வேறு வகையா? ஆடு வேறு இனமா? அல்லது கூழா? சிறுநீரைச் சோதித்தார். ஆஸ்திரேலிய ஆட்டின் சிறுநீரில் டி.எச்.பி. ஏராளம், ஹவாய் ஆட்டில் அது போன இடம் தெரியவில்லை. எனவே உடம்புக்குள் எங்கேயோ யாரோ அதை உடைக்கிறார்கள். 1981-ல், அது பெருவயிற்று வேலைதானா என்ற கேள்வியையே தலைப்பாக வைத்துக் கட்டுரை எழுதினார். பிறகு ஆலிசனின் 1964-ஆம் ஆண்டுச் சோதனையின் அதே தர்க்கம்: ஊற்றிப் பார். கடுமையான நோய்த்தடுப்புச் சோதனைகளைத் தாண்டி, இந்தோனேசிய ஆட்டின் வயிற்றுச் சாறும், ஹவாய் ஆட்டிலிருந்து எடுத்த பாக்டீரியாக்களும் ஆஸ்திரேலிய விலங்குகளின் வயிற்றுக்குள் போயின. சிறுநீரில் டி.எச்.பி. மறைந்தது. ஒன்றிரண்டு மாட்டுக்குக் கொடுத்தால் போதும், கூடவே மேயும் மற்றவற்றுக்கும் தானாகத் தொற்றியது. நோய் தொற்றும் என்று கேட்டுப் பழகிய நமக்கு, நலமும் தொற்றும் என்பது கொஞ்சம் புதுமைதான்.

ஆளைப் பிடிக்கும் வேலை ஏம்ஸுக்கு வந்தது. ஹவாய் ஆட்டிலிருந்து ஆலிசன் குழு பிரித்தெடுத்த பாக்டீரியாவும் சர்க்கரை தொடாத இனம். 1992-ல் அதற்கு வைத்த பெயர் சினர்ஜிஸ்டிஸ் ஜோன்சியை. சேர்ந்து உழைப்பவன், ஜோன்ஸுக்கு உரியவன் என்று விரிக்கலாம். பின்னாளில் அதன் உறவுக்காரப் பாக்டீரியாக்கள் உலகெங்கும் கிடைக்க, ஒரு முழுத் தொகுதிக்கே அந்தப் பெயர் போனது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநில அரசு 1990-களின் நடுவிலிருந்து தொட்டிகளில் இந்தக் கலவையை வளர்த்துப் பண்ணைக்காரர்களுக்குப் புகட்டு மருந்தாக விற்கத் தொடங்கியது.

பாடநூலில் கதை இங்கே முடியும். பேராசிரியர்களுக்குப் பிடித்த கதை, இவ்வளவு சீராக முடிகிற கதை அறிவியலில் அபூர்வம். சந்தேகம் வர வேண்டிய இடமும் அதுவே.

2000-களின் தொடக்கத்தில் குவீன்ஸ்லாந்து மந்தைகளைச் சோதித்தபோது, ஏறக்குறைய பாதியில் சிறுநீரில் டி.எச்.பி. திரும்ப வந்திருந்தது, அவற்றில் மருந்து புகட்டிய மந்தைகளும் அடக்கம். பிறகு மரபணுச் சோதனை வந்தது. உருட்டுக் குழாயில் வளர்க்கத் தேவையில்லாமல் டி.என்.ஏ. தடயத்தை வைத்தே ஆளைக் கண்டுபிடிக்கும் முறை. பார்த்தால், சினர்ஜிஸ்டிஸ் ஆங்காங்கே சிறு எண்ணிக்கையில் ஏற்கெனவே இருக்கிறது, ஆஸ்திரேலியாவிலும்கூட. குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தின் ஹாலிடே, ஷெல்டன் குழு கிழக்கு இந்தோனேசியாவில் சவுண்டலை மட்டுமே தின்று கொழுக்கும் காளைகளின் சிறுநீரை எடுத்துப் பார்த்தது. அங்கே டி.எச்.பி. ஏராளமாக இருந்தது! காளைகளோ ஆரோக்கியமாக நின்றன.

கூர்ந்து பார்த்ததில், அந்த டி.எச்.பி. தனியாக இல்லை. கல்லீரல் அதன்மேல் ஒரு சர்க்கரை அமிலத்தை ஒட்டி அனுப்பியிருந்தது. கொடுக்கில் பஞ்சு சுற்றிய தேள், இருக்கும், கொட்டாது. சவுண்டல் தின்னத் தொடங்கிய முதல் சில வாரங்கள் விலங்கு தடுமாறும், பிறகு கல்லீரல் சுதாரித்துக்கொள்ளும் என்று இவர்கள் வாதிடுகிறார்கள். பழைய சோதனைகள் சிறுநீரில் மொத்த டி.எச்.பி.யை அளந்தன, பஞ்சு சுற்றியதையும் சுற்றாததையும் பிரித்துப் பார்க்கவில்லை.

அப்படியானால் ஜோன்ஸும் ஆலிசனும் தவறா? இல்லை. சாறு ஊற்றிய விலங்குகளில் டி.எச்.பி. மறைந்தது அளந்து பார்த்த உண்மை. அந்தப் பாக்டீரியா அதை உடைப்பதும் உண்மை. அன்றாட மேய்ச்சலில் பெரும் பங்கு யாருடையது, குடித்தனக்காரருடையதா வீட்டுக்காரருடையதா என்பதில்தான் சண்டை. அது இன்னும் ஓயவில்லை.

மாட்டுப் பொங்கல் மாட்டை அப்படியே விட்டுவிட்டு வந்தோம். சோடா உப்பு அமிலத்தை அடக்கிவிட்டது. ஆனாலும் மூன்றாம் நாளும் அது அசை போடவில்லை, வைக்கோலை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது. உள்ளே குடியிருந்தவர்கள் செத்துப் போனார்கள், வீடு காலி. அனுபவமுள்ள மருத்துவர் காலையிலேயே இறைச்சிக்கூடத்துக்குப் போய், அப்போதுதான் அறுத்த நல்ல மாட்டின் பெருவயிற்றுக் கூழை மெல்லிய துணியில் பிழிந்து, சூடு ஆறுவதற்குள், காற்றுக்கு இடம் விடாமல் பிளாஸ்க்கில் விளிம்பு வரை நிரப்பிக்கொண்டு வருகிறார். பச்சைத் தண்ணீர், குடலைப் புரட்டும் வாடை. வீட்டம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்கிறார். "இதையா டாக்டர் குடுக்கப் போறீங்க?" மூக்கணாங்கயிற்றை ஒருவர் பிடித்துக்கொள்ள, வாய் வழியாக ஒரு குழாயை மெல்ல இறக்கி, மருத்துவர் பிளாஸ்க்கைக் கவிழ்க்கிறார். எல்லாம் சரியாகப் போனால், மறுநாள் சாயங்காலத்துக்குள் மாட்டின் தாடை பக்கவாட்டில் மெல்ல அசையத் தொடங்கும்.